வெருகும் வீட்டுப் பூனையும்



2011 ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஹெட்ஜ் எண்ட் என்னும் ஊரில், வயல்வெளியில் வெள்ளைப் புலி ஒன்று படுத்திருப்பதாகக் காவல் துறைக்குச் செய்தி போயிற்று. காவலர் விரைந்தனர். தொலைநோக்கி வழியே பார்த்தவர்களுக்கும் அது புலியாகவே தெரிந்தது. அருகிலிருந்த கோல்ஃப் திடலில் ஆடிக்கொண்டிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். பக்கத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மயக்க ஊசி செலுத்துவது பற்றி உயிரியல் பூங்காவினரிடம் கலந்துரையாடினர். உடல் வெப்பத்தைக் காட்டும் கருவியுடன் ஹெலிகாப்டர் ஒன்றும் மேலே வட்டமிட்டது. கருவியிலோ புலியின் வெப்பம் பதியவில்லை. ஹெலிகாப்டரின் காற்று பட்டதும் புலி உருண்டு விழுந்தது. அது பஞ்சடைத்த பொம்மை!

அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் எசெக்ஸ் பகுதியில் செயிண்ட் ஓசித் என்னும் சிற்றூரில் சிங்கம் உலவுவதாகச் செய்தி பரவியது. விடுமுறைக்கு வந்து தங்கியிருந்தோர் பார்த்தனர். ஒருவர் ஒளிப்படமும் எடுத்தார். துப்பாக்கி ஏந்திய காவலர்களும் ஹெலிகாப்டர்களும் இரவு முழுதும் தேடினர். ஏறத்தாழ 25,000 பவுன் செலவானதாகப் பின்னர்க் கணக்குச் சொல்லப்பட்டது. சிங்கம் அகப்படவில்லை. அவ்வூரில் ஒரு வீட்டில் வளர்ந்த, 'டெடி பேர்' என்னும் பெயருடைய, செம்பழுப்பு நிறமும் சடைத்த மயிரும் கொண்ட மெயின் கூன் இனப் பூனையே சிங்கமாகத் தோன்றியிருக்க வேண்டும் என்று பலரும் முடிவு செய்தனர்.

இவற்றைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் பொம்மையைப் புலியெனக் கண்ட அந்நாட்டில், உண்மையான காட்டுப் பூனையினம் ஒன்று அதே காலத்தில் அழிவின் விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தேடி ஹெலிகாப்டர் எதுவும் பறக்கவில்லை. இன்றைய உரை இவ்விரண்டையும் பற்றியது.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். வீட்டில் வாழ்வதற்குப் பூனை என்றும், காட்டில் வாழ்வதற்கு வெருகு என்றும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், வெருகின் இளமைப் பெயர் குட்டி என்று கூறுகிறது. கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு சேர்த்து அதனை எண்ணுகிறது. சங்கப் பாடல்களிலும் வெருகு இடம்பெறுகிறது. இரண்டுக்கும் இரு சொற்களை ஆண்ட மக்கள் இரண்டையும் வேறு வேறு உயிர்களாகக் கண்டிருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை. இன்று வெருகு என்னும் சொல் வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. 'காட்டுப் பூனை' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். வீட்டை விட்டோடிக் காட்டில் திரியும் பூனையும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வுரையில் பழைய சொல்லே ஆளப்படுகிறது. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

பிரித்தானியத் தீவில் இன்று சிங்கம், சிறுத்தை, பூமா போன்ற பெரும்பூனைகள் இயற்கையாக வாழவில்லை. லிங்ஸ் என்னும் இடைத்தரப் பூனையும் அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோயிற்று. இருந்தும் ஆண்டுதோறும் 'கருஞ்சிறுத்தையைக் கண்டேன்', 'பூமாவைக் கண்டேன்' என்று கூறுவோர் குறையவில்லை. 1960களின் நடுவில் லண்டனுக்குத் தெற்கேயுள்ள சர்ரி வட்டாரத்தில் பூமா திரிகிறது என்ற பேச்சு எழுந்தது. கோடால்மிங் ஊர்க் காவல் நிலையத்தில் இதற்கெனவே ஒரு பதிவேடு வைத்தனர். இரண்டே ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட செய்திகள் அதில் ஏறின. 1983 ஆம் ஆண்டு எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் உழவர் ஒருவர் தம் செம்மறிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை மாண்டன என்று முறையிட்டபோது, அரசு கடற்படையின் மரைன் வீரர்களையே குறிபார்த்துச் சுட அனுப்பியது. வீரர்கள் புதரில் பதுங்கிக் காத்திருந்து, எதையும் சுடாமல் திரும்பினர்.

இப்பேச்சு வெறுங்கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. அதற்கு ஒரு வித்து உண்டு. அக்காலத்தில் பிரித்தானியாவில் சிங்கக்குட்டியைக் கடையில் விலைக்கு வாங்க இயன்றது. 1969 ஆம் ஆண்டு லண்டனின் புகழ்பெற்ற ஹாரட்ஸ் பல்பொருள் அங்காடியில் ஆஸ்திரேலிய இளைஞர் இருவர் ஒரு சிங்கக்குட்டியை வாங்கி, கிறிஸ்டியன் என்று பெயரிட்டு, செல்சி பகுதியில் மரச்சாமான் கடையொன்றின் நிலவறையில் வளர்த்தனர். வளர்ந்த சிங்கத்தை வைத்துக்கொள்ள இயலாமற்போகவே, அதனைக் கென்யாவில் ஜார்ஜ் ஆடம்சனிடம் கொண்டு சேர்த்தனர். ஓராண்டுக்குப் பின் காணச் சென்றவர்களைச் சிங்கம் பாய்ந்து தழுவிக்கொண்ட காட்சி படமாக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் அதை உலகமே பார்த்து நெகிழ்ந்தது. கிறிஸ்டியனுக்கு நல்லூழ் இருந்தது. எல்லாச் சிங்கங்களுக்கும் ஓர் ஆடம்சன் கிடைப்பதில்லை. சிறுத்தை, பூமா, லிங்ஸ் என்று பெருமைக்காக வாங்கி வளர்த்தோர் பலர். 1976 ஆம் ஆண்டு ஆபத்தான காட்டுவிலங்குகள் சட்டம் வந்து, இவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும், பாதுகாப்பான கூண்டு வேண்டும், காப்பீடு வேண்டும் என்றது. செலவுக்கு அஞ்சிய சிலர் இரவோடிரவாகத் தம் விலங்குகளைக் காட்டில் விட்டுவிட்டனர் என்பது அந்நாட்டில் வழங்கும் பேச்சு. அவ்வாறு விடுவது அன்று தனிக் குற்றமாகவும் இல்லை. 1981 ஆம் ஆண்டுச் சட்டமே அதனைத் தடை செய்தது. ஆகவே பேச்சுக்கு அடிப்படை இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 1976 இல் விடப்பட்ட விலங்கு எதுவும் இன்றுவரை உயிரோடு இருக்க இயலாது. பெருகியிருந்தால் அடிபட்ட உடல்களும் எலும்புகளும் ஐம்பதாண்டுகளில் மிகுதியாகக் கிடைத்திருக்க வேண்டும்.

கார்ன்வால் பகுதியின் பாட்மின் மேட்டுநிலத்தில் நடந்தது சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. அங்கே 'பாட்மின் மிருகம்' என்று ஒன்று பேசப்பட்டது. உழவர்கள் ஆடுகள் கொல்லப்பட்டதைக் காட்டினர். ஒளிப்படங்களும் நிகழ்படங்களும் சேர்ந்தன. 1995 ஆம் ஆண்டு வேளாண்மை அமைச்சகமே முறையான விசாரணை நடத்தியது. அமைச்சக ஆய்வாளர்கள் மேற்கொண்ட வழி எளியது. படத்தில் மிருகம் நின்ற அதே வேலி, அதே மதில், அதே கம்பம் ஆகியவற்றைத் தேடிச் சென்று, அந்த இடத்தில் அளவுகோலை நட்டுப் பார்த்தனர். 'மிருகத்தின்' தோள் உயரம் ஓர் அடி அளவே வந்தது. வீட்டுப் பூனையின் உயரமும் அதுவே. அம்மேட்டுநிலத்தில் பெரும்பூனை இருப்பதற்குச் சரிபார்க்கத்தக்க சான்று இல்லை என்றும், இல்லவே இல்லை என்று நிறுவுவதும் இயலாது என்றும் அறிக்கை கூறியது. நேர்மையான முடிவு அது.

அறிக்கை வெளிவந்து ஒரு வாரம் ஆகுமுன் ஃபோவி ஆற்றில் சிறுவன் ஒருவன் பெரியதொரு மண்டையோட்டைக் கண்டெடுத்தான். நீண்ட கோரைப் பற்கள் இருந்தன. ஊரே எழுந்து நின்றது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அது அனுப்பப்பட்டது. ஐயமின்றி அது சிறுத்தையின் மண்டையோடு, இளம் ஆண் சிறுத்தை என்றனர் அறிஞர். ஆனால் அதன் பின்பகுதி, தோலை விரிப்பாகப் பதப்படுத்துவோர் வெட்டும் முறையில் வெட்டப்பட்டிருந்தது. கத்தித் தடங்கள் இருந்தன. உள்ளே வெப்பநாட்டுக் கரப்பான் ஒன்றின் முட்டைக்கூடும் இருந்தது. அக்கரப்பான் கார்ன்வாலின் குளிரில் வாழாதது. எங்கோ வெப்பநாட்டில் கொல்லப்பட்ட சிறுத்தை, தலையோடு கூடிய தரைவிரிப்பாகி, எவர் வீட்டுக் கூடத்திலோ கிடந்து, பின்பு ஆற்றை அடைந்திருக்கிறது. பாட்மின் மிருகத்துக்கான சான்று என்று ஊர் கொண்டாடிய பொருள், உண்மையில் மனிதன் ஒரு சிறுத்தையைக் கொன்றதற்கான சான்று.

கண் ஏன் இப்படி ஏமாறுகிறது? திறந்த வெளியில், அருகே மரமோ மனிதனோ இல்லாதபோது, தொலைவிலுள்ள பொருளின் அளவை மதிப்பிட மனத்துக்குத் துணை இல்லை. நூறடி தொலைவில் உள்ள பூனையை முந்நூறடி தொலைவில் உள்ளதாக மனம் கொண்டால் அது உடனே சிறுத்தை அளவாகிவிடும். நிறம் இன்னொரு குறிப்பு. பிரித்தானியாவில் காணப்பட்டதாகச் சொல்லப்படும் பெரும்பூனைகளில் மிகப் பல கருநிறத்தவை. கருஞ்சிறுத்தை உலகில் உண்டு. ஆனால் எல்லா நாட்டிலும் சிறுத்தைகளில் அது சிறுபான்மையே, மலேயா தீபகற்பம் போன்ற ஒரு சில இடங்கள் நீங்கலாக. கரும்பூமாவோ உறுதியாகப் பதிவானதே இல்லை. தப்பியோடிய சிறுத்தைகளும் பூமாக்களுமே இவை என்றால் புள்ளியுள்ளவையும் பழுப்பு நிறத்தவையும் அல்லவா மிகுதியாகக் கண்ணில் பட வேண்டும்? கருநிறம் மிகச் சாதாரணமாக அமையும் பூனை ஒன்று உண்டு. அது வீட்டுப் பூனை.

என்றாலும் ஒவ்வொரு கூற்றையும் பொய்யென்று தள்ளிவிடுவதும் அறிவுடைமை ஆகாது. 1980 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கேனிக் என்னும் சிற்றூரில், பூமாவைக் கண்டதாகச் சொல்லி எவரும் நம்பாத உழவர் ஒருவர் கூண்டு வைத்தார். உண்மையாகவே பெண் பூமா ஒன்று சிக்கியது. அது மனிதர் தடவிக் கொடுப்பதை விரும்பியது! எவரோ வளர்த்து விட்டது என்பதில் ஐயமில்லை. ஃபெலிசிட்டி என்று பெயர் பெற்று, உயிரியல் பூங்காவில் ஐந்தாண்டு வாழ்ந்து மடிந்தது. பாடம் செய்யப்பட்ட அதன் உடல் இன்வெர்னெஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 2001 ஆம் ஆண்டு வடக்கு லண்டனின் குடியிருப்புத் தெருக்களில் லிங்ஸ் ஒன்று பிடிபட்டது. 2025 சனவரியில் ஸ்காட்லாந்தின் கிங்யூசி அருகே பனி படர்ந்த காட்டில் நான்கு லிங்ஸ்கள் சட்டத்துக்குப் புறம்பாக விடப்பட்டன. சில நாட்களில் நான்கும் பிடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இறந்துபோயிற்று. காட்டை மீட்கிறோம் என்ற எண்ணத்தில் விட்டார்களோ, வளர்க்க முடியாமல் விட்டார்களோ, விலைகொடுத்தது அந்த உயிர். 2024 ஆம் ஆண்டு ஏரி மாவட்டத்தில் மாண்டு கிடந்த ஆட்டின் உடலிலிருந்து எடுத்த மாதிரியில், சிங்கம், சிறுத்தை முதலியன அடங்கும் பாந்தெரா பேரினத்தின் மரபணு இருந்ததாக வார்விக் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் தெரிவித்தது. ஒரு மாதிரியை வைத்து முடிவு கட்டுதல் கூடாது. கண்ணை மூடிக்கொள்ளுதலும் கூடாது.

1988 ஆம் ஆண்டு தென்கடற்கரையின் ஹேலிங் தீவில் சாலையோரம் அடிபட்டுக் கிடந்த ஒரு பூனையும் இவ்வரிசையில் உண்டு. நீண்ட கால், குட்டை வால், காதுநுனியில் சிறு மயிர்க்குஞ்சம். ஆய்ந்தபோது அது ஃபீலிஸ் சாவுஸ் என்னும் இனம் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு ஷ்ராப்ஷயரிலும் அதே இனத்தின் உடல் ஒன்று கிடைத்தது. ஃபீலிஸ் சாவுஸ் எது? நம் கரும்புத் தோட்டங்களிலும் ஏரிக்கரைப் புதர்களிலும் எலி பிடித்துத் திரியும் அதே வெருகு. நம் வரப்போரத்து உயிர் அங்கே மர்ம மிருகமாகிச் சாலையில் கிடந்தது.

இனி, உரையின் மையத்துக்கு வரலாம். 1984 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மோரே பகுதியில் கெல்லாஸ் என்னும் ஊரருகே, வேட்டைக்காவலர் வைத்த கண்ணியில் பெரிய கரிய பூனை ஒன்று செத்துக் கிடந்தது. உடல் நீண்டது, கால்கள் உயர்ந்தவை, கருமயிரினிடையே வெள்ளை மயிர்கள் சிதறியிருந்தன. 'கெல்லாஸ் பூனை' எனப் பெயர் பெற்றது. ஹைலேண்டு மக்களின் பழங்கதைகளில் வரும் 'கேட் சீ' என்னும் தேவதைப் பூனை இதுவே என்று சிலர் மகிழ்ந்தனர். அவ்வட்டாரத்தில் மேலும் சில கிடைத்தன. எல்கின் அருங்காட்சியகத்திலும் அபர்தீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலும் அவை காட்சிக்கு உள்ளன. அறிஞர் ஆய்ந்து சொன்ன விடையில் தேவதை இல்லை. அது ஸ்காட்லாந்து வெருகுக்கும் வீட்டுப் பூனைக்கும் பிறந்த கலப்பு. மர்ம மிருகம் அகப்பட்டது என்று கொண்டாடிய இடத்தில், ஓர் இனம் கரைந்துகொண்டிருப்பதற்கான அறிகுறி கிடந்தது.

ஸ்காட்லாந்து வெருகு ஐரோப்பிய வெருகினத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் பிரித்தானியத் தீவு முழுதும் இருந்தது. காடு அழிய அழிய, தோலுக்காகவும் கோழிகளைக் காக்கவும் கொல்லக் கொல்ல, இங்கிலாந்திலும் வேல்சிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இல்லாமற்போயிற்று. ஸ்காட்லாந்துப் பண்ணைகளில் பறவை வேட்டை பொழுதுபோக்காக வளர்ந்தபோது, வேட்டைக்காவலர்கள் வெருகைத் தீய விலங்கென்று கணக்கிட்டுக் கொன்றனர். 1914 இல் வடமேற்கு ஸ்காட்லாந்தின் மலைகளில் மட்டும் எஞ்சியது. அப்போது முதல் உலகப் போர் மூண்டது. காவலர்கள் போர்முனைக்குப் போயினர். மனிதர் மனிதரைக் கொன்ற அந்நான்காண்டுகளில் வெருகுக்கு மூச்சு வாங்க இடம் கிடைத்தது. மெல்லப் பரவத் தொடங்கியது. 1988 ஆம் ஆண்டு சட்டப் பாதுகாப்பும் வந்தது. ஆனால் துப்பாக்கியினும் அமைதியான பகை ஒன்று அதற்குள் வீட்டு வாயிலிலிருந்து புறப்பட்டிருந்தது.

வீட்டுப் பூனையின் முன்னோர் ஐரோப்பிய வெருகு அன்று. மேற்காசியாவிலும் வடஆப்பிரிக்காவிலும் வாழும் ஆப்பிரிக்க வெருகு. தானியக் குதிருக்கு எலி வந்தது, எலிக்குப் பின் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகிலேயே பூனையும் புதைக்கப்பட்டிருந்தது 2004 இல் தெரியவந்தது. பிரித்தானியாவுக்கு வீட்டுப் பூனை வந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இரண்டும் கூடினால் குட்டி பிறக்கும், அக்குட்டியும் இனம்பெருக்கும். இருந்தும் இவ்விரண்டாயிரம் ஆண்டில் பெரும்பகுதி அவை ஒன்றின் அருகே ஒன்று வாழ்ந்தும் கலக்கவில்லை. பழைய எலும்புகளையும் இன்றைய பூனைகளையும் ஒப்பிட்டு 2023 இல் வெளிவந்த மரபணு ஆய்வு இதனைக் காட்டியது. பெருங்கலப்பு தொடங்கியது ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்புதான். காரணத்தை ஊகிக்கப் பெரும்புலமை வேண்டியதில்லை. தன்னினத் துணை இருக்கும்வரை வெருகு வெருகையே நாடிற்று. மலை முழுதும் அலைந்தும் தன்னினம் கண்ணில் படாத நிலை வந்தபோது, ஊர்ப்புறத்துப் பூனையோடு கூடிற்று. தனிமை செய்த வேலை அது.

வெருகையும் கலப்பையும் பிரித்தறிவது எளிதன்று. அறிஞர் மயிர்க்கோலத்தில் ஏழு குறிகளை வைத்துப் பார்க்கின்றனர். வாலில் தெளிவான வளையங்கள், வால்நுனி மழுங்கிக் கருத்திருத்தல், முதுகுக்கோடு வாலின் அடியிலேயே நின்றுவிடுதல், விலாவின் வரிகள் உடையாமல் ஓடுதல் ஆகியன அவற்றுள் சில. வீட்டுப் பூனையின் முதுகுக்கோடு வாலுக்குள்ளும் ஓடும். ஒரு கோடு எங்கே நிற்கிறது என்பதில் ஓர் இனத்தின் அடையாளம் தங்கியிருக்கிறது. 2019 இல் வெளியான வல்லுநர் அறிக்கை, காட்டில் எஞ்சியுள்ள ஸ்காட்லாந்து வெருகுகள் தாமாகவே நிலைத்து வாழ இயலாத நிலைக்கு வந்துவிட்டன என்று அறிவித்தது.

ஒரு பக்கம் தவிர்க்க இயலாமல் நிகழ்ந்த இக்கலப்பு இவ்வளவு துயரம் தந்திருக்க, இன்னொரு பக்கம் அதையே விரும்பிச் செய்து விற்கின்றனர் என்பது விந்தை. 1963 இல் ஜீன் மில் என்னும் அம்மையார் வளர்த்த ஆசியச் சிறுத்தைப் பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் குட்டி பிறந்தது. பின்னர் 1980களில் அவர் மீண்டும் முயன்று உருவாக்கியதே பெங்கால் பூனை. கடையில் காட்டுப் பூனைகள் விற்கப்படுவதும் தோலுக்காகக் கொல்லப்படுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. புள்ளியுள்ள வீட்டுப் பூனை கிடைத்தால் அவ்வாசை அடங்கும் என்று கருதினார் என்பர். நோக்கம் நல்லதே. ஆசை அடங்கியதா என்பது வேறு. 1986 இல் பென்சில்வேனியாவில் ஆப்பிரிக்கச் சேர்வலுக்கும் வீட்டுப் பூனைக்கும் குட்டி பிறந்தது. சவானா என்று பெயரிட்டனர், அதுவே இனப்பெயருமாயிற்று. வெருகோடு கலந்து சாசி என்னும் இனமும் வந்தது. 2007 இல் ஒரு நிறுவனம் எவரும் காணாத புத்தினம் என்று சொல்லி ஒரு பூனையை 22,000 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மரபணுவைச் சோதித்தபோது அது முன்பே உள்ள சவானா என்று வெளிப்பட்டது.

இக்கலப்பினத்தை உண்டாக்குவதில் உயிர்கள் படும் பாட்டை விளம்பரங்கள் சொல்வதில்லை. சேர்வலின் சூல்காலம் ஏறத்தாழ 74 நாள். வீட்டுப் பூனையின் சூல்காலம் 63 நாளையொட்டியது. தாய் பூனை, தந்தை சேர்வல். குட்டி தன் வளர்ச்சி முடியுமுன் பிறந்துவிடுவது உண்டு. அளவில் பெரிதாகிய சேர்வலோடு சேர்த்து வைப்பதே அப்பூனைக்கு இடர். பிறக்கும் ஆண் கலப்புகள் முதல் சில தலைமுறைகளில் மலடாகவே இருக்கின்றன. இரு இனம் கலக்கும்போது இருவேறு பாலினக் குரோமோசோம் உடைய பாலே மலடாகும் என்பதை 1922 இல் விதியாகக் கூறியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964 இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே பேரறிஞர்தான். பூனையின் மலட்டுத்தன்மை வளர்ப்போருக்குத் தடையாகவில்லை. பெண் கலப்பை மீண்டும் வீட்டுப் பூனையோடு சேர்த்துக்கொண்டே போகின்றனர். பிரித்தானியாவில் முதல் தலைமுறைக் கலப்புக்கு 1976 ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். பின்வரும் தலைமுறைகளுக்கு வேண்டியதில்லை. ஆஸ்திரேலியா 2008 இல் சவானாவின் இறக்குமதியையே தடை செய்தது. மரமேறவும் உயரத் தாவவும் வல்ல அது வெளியேறினால், அந்நாட்டுச் சிற்றுயிர்கள் தாங்கா என்று அஞ்சியது. அச்சம் சரியானதே.

வாங்கியோரின் நிலையும் எண்ணத் தக்கது. சுவரிலும் படுக்கையிலும் சிறுநீர் தெளித்து எல்லை குறிப்பது வெருகின் இயல்பு. முதல் தலைமுறைக் கலப்பில் அது எளிதில் போவதில்லை. இன்னொரு செய்தி, புலால் புகாத வீடுகளில் பூனை வளர்க்க விழைவோர் முன்கூட்டியே அறிய வேண்டியது: பூனையினம் எதுவாயினும் ஊனுண்ணி. டாரின் என்னும் பொருளைப் போதிய அளவில் அதன் உடல் ஆக்கிக்கொள்ளாது. அது ஊனிலிருந்தே இயற்கையாகக் கிடைக்கிறது. குறைந்தால் கண்பார்வை கெடும் என்று 1975 இலும், இதயம் தளரும் என்று 1987 இலும் ஆய்வுகள் காட்டின. பாலும் சோறும் வைத்து அன்பு செய்துவிட்டோம் என்று அமைதி கொள்ள அவ்வுயிரின் உடலமைப்பு இடம் தராது. அதனைக் கொடுக்க மனம் ஒப்பாதவர் பூனையை வளர்க்காமலிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

கரும்பு வெட்டும் காலத்தில் தோகைக்கிடையே தாயில்லாமல் கிடக்கும் குட்டிகளைப் பார்த்து இரங்கி வீட்டுக்கு எடுத்து வருவோர் நம்மிடையேயும் உண்டு. அவை பெரும்பாலும் கைவிடப்பட்டவை அல்ல. ஆள் அரவம் கேட்டுத் தாய் ஒதுங்கியிருக்கும். இருட்டியதும் வந்து ஒவ்வொன்றாய்க் கவ்விச் செல்லும். அவ்விடத்தில் வெட்டை நிறுத்தி, குட்டியைத் தொடாமல், வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நிற்பதே முறை. வெருகும் சிறுத்தைப் பூனையும் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. வீட்டில் வளர்த்தல் குற்றம். வளர்த்துப் பின் விட்டாலும், வேட்டை கற்காத அது ஊரையே சுற்றும். ஊர்ப் பூனையோடு கூடும். சாசி என்னும் இனத்தை உண்டாக்க முடிந்தது என்றால், அக்கலப்பு நம் ஊர் வைக்கோற்போரருகே நிகழவும் இயலும் என்பதே பொருள்.

ஸ்காட்லாந்துக்குத் திரும்பலாம். கிங்யூசி அருகேயுள்ள ஹைலேண்டு வனவிலங்குப் பூங்காவில், மரபணு பார்த்துத் தேர்ந்த வெருகுகளைப் பார்வையாளர் அணுகாத பெருங்கூடுகளில் வைத்து இனம்பெருக்கினர். மனிதமுகம் பழகாதவாறு கேமரா வழியாகவே கவனித்தனர். 2023 ஆம் ஆண்டு 19 வெருகுகளைக் கழுத்தில் இடங்காட்டிப் பட்டையோடு கேர்ன்கார்ம்ஸ் மலைக்காட்டில் விட்டனர். பிரித்தானியாவில் காட்டுப் பூனையை மீண்டும் காட்டில் விட்டது அதுவே முதல்முறை. 2024 இல் அவற்றுள் சில காட்டிலேயே குட்டி ஈன்றமை உறுதியாயிற்று. மறு சனவரியில் நான்கு லிங்ஸ்களை எவரோ கள்ளத்தனமாக விட்டதும் அதே வட்டாரத்தில்தான்.

வெருகுகளை விட்டவர்களின் பணி காட்டோடு முடியவில்லை. அவர்கள் சுற்றுப்புறத்துப் பண்ணைவீடுகளின் கதவைத் தட்டுகின்றனர். உங்கள் பூனைக்குக் கருத்தடை செய்தாயிற்றா, தடுப்பூசி போட்டாயிற்றா, அடையாளச் சில்லு பொருத்தியாயிற்றா என்று கேட்கின்றனர். உரியவர் இல்லாத பூனைகளைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுகின்றனர்.